வெட்கத்துக்கு நூற்றுப் பதின்மூன்று பெயர்கள்

1867இல் சார்லஸ் டார்வின் ஒரு கேள்விப் பட்டியலை அச்சடித்து, உலகின் பல மூலைகளில் இருந்த நண்பர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் அனுப்பினார். உணர்ச்சிகள் முகத்தில் தோன்றும் விதம் எல்லா மனிதருக்கும் ஒன்றுதானா என்று அறிவது அவர் நோக்கம். பட்டியலில் ஒரு கேள்வி வெட்கத்தைப் பற்றியது: வெட்கப்படும்போது தோல் சிவக்கிறதா, சிவந்தால் அந்தச் சிவப்பு உடம்பில் எதுவரை இறங்குகிறது?

மலாய்த் தீபகற்பத்திலிருந்து பதில் எழுதியவர் கீச் என்ற சுரங்கப் பொறியாளர். அவர் கண்முன் நடமாடியவர்களில் சிலர் உடம்பில் அதிகம் துணியில்லாதவர்கள் என்பதால், ஐரோப்பாவில் பார்க்க முடியாததை அவரால் பார்க்க முடிந்தது. 24 வயதுச் சீனர் ஒருவருக்கு முகமும் கைகளும் மார்பும் சிவந்தன. வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாதா என்று இன்னொரு சீனரிடம் கேட்டபோது, அவருக்கு உடம்பு முழுக்கவே சிவந்துவிட்டது. மலாய்க்காரர் இருவரிடமும் பூகிஸ் இனத்தவர் ஒருவரிடமும் இதையே கண்டார் கீச். பூகிஸ்காரருக்கு இடுப்பு வரை சிவப்பு இறங்கியது. 1872இல் வெளிவந்த உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் டார்வின் இவற்றையெல்லாம் பதிந்து வைத்தார். பக்கத்திலேயே, சீனாவில் நெடுங்காலம் இருந்த ராபர்ட் ஸ்வின்ஹோ அனுப்பிய குறிப்பும் இருக்கிறது. சீனர் முகம் சிவந்து தாம் பார்த்தது குறைவு, ஆனால் வெட்கத்தால் சிவப்பது என்ற வழக்கு அவர்கள் மொழியில் உண்டு என்கிறது அது.

இந்த இரண்டு குறிப்புகளும் சேர்ந்து ஒரு நல்ல கேள்வியை எழுப்புகின்றன. உடம்புக்கு வெட்கம் ஒன்றுதான். மொழிக்கு அது எத்தனை?

முகம் மட்டும் ஏன்?

பயந்தால் கை சில்லிட்டுப் போகும். பரிவு நரம்புகள் தோலில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தைத் தசைகளுக்கு அனுப்புவதால் வரும் குளிர்ச்சி அது. வெட்கத்திலும் அதே நரம்பு மண்டலந்தான் வேலை செய்கிறது, ஆனால் முகத்தில் விளைவு தலைகீழ். முகத்துச் சிரைகளில் பீட்டா வகை ஏற்பிகள் உண்டு. அவை தூண்டப்படும்போது குழாய் சுருங்குவதில்லை, விரிகிறது. கன்னத்திலும் காதிலும் நுண்குழாய்கள் நெருக்கமாகவும் தோலை ஒட்டியும் இருப்பதால், ஓடிவரும் ரத்தம் வெளியே தெரிந்துவிடுகிறது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் காது மடல் சுடுவது அவரவருக்குத் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, முகம் சிவப்பதற்குத் தப்புச் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது. பத்துப் பேர் நடுவில் பேரைச் சொல்லிப் பாராட்டினாலும் சிவக்கும். ‘ஏன் சிவக்கிறாய்’ என்று கேட்டால் இன்னும் சிவக்கும். நம்மேல் பிறர் கண் விழுந்தது என்ற நினைப்பே போதும். பார்ப்பவர் இல்லாமல் இந்த உணர்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது. பார்ப்பவர் யார், எங்கே நிற்கிறார், பார்த்துவிட்டாரா, இனிமேல்தான் பார்ப்பாரா என்று நுணுக்கமாகப் பிரித்துப் பேர் வைத்த மொழிகளில் சீனம் முன்வரிசையில் நிற்கிறது.

சொற்களை அடுக்கிப் பார்த்தவர்கள்

2004இல் ஜின் லி, லியன்சின் வாங், கர்ட் ஃபிஷர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெட்கம் தொடர்பான சீனச் சொற்களையும் தொடர்களையும் திரட்டினார்கள். 113 தேறின. அவற்றைச் சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் கொடுத்து, ஒன்றுபோல் இருப்பவற்றை ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு அடிக்கடி சேர்ந்து விழுகிறது என்பதைக் கணக்கிட்டால், அம்மொழி பேசுவோர் மனத்தில் இருக்கும் வரைபடம் கிடைத்துவிடும்.

வரைபடம் முதலில் இரண்டாகப் பிரிந்தது. வெட்கப்படுபவர் உள்ளே அனுபவிக்கும் நிலை ஒரு பக்கம், வெட்கக்கேட்டைப் பார்த்தவர்களும் பட்டவர்களும் காட்டும் எதிர்வினை மறுபக்கம். ஒவ்வொன்றும் மும்மூன்றாகக் கிளைத்தது. முதற்கிளையில் முகம் போய்விடுமோ என்ற அச்சம், முகம் போன பிறகு வரும் வேதனை, குற்ற உணர்வு. இரண்டாம் கிளையில் அவமானம், வெட்கங்கெட்ட தன்மையும் அதைக் கண்டிப்பதும், சங்கடம்.

முகம் போவதற்கு முன், போன பின் என்று காலத்தால் பிரித்திருப்பதைப் பாருங்கள். நடந்து முடிந்ததற்குத் துடிப்பது ஒன்று. நடந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்வது வேறொன்று. பின்னதைச் சீனர்கள் குறையாக நினைப்பதில்லை. அது இருப்பவரைத்தான் ஒழுக்கமானவர் என்கிறார்கள். அது இல்லாதவரைத் திட்ட ‘முகம் வேண்டாதவன்’ என்பார்கள். சீனத்தில் அதைவிடக் கடுமையான ஏச்சு அதிகமில்லை.

இந்தப் பட்டியலில் உலவும் உருவகங்கள் தமிழருக்குப் புதியவை அல்ல. வெட்கப்பட்ட சீனருக்கும் தலை நிமிராது, ஆளைப் பார்க்க முகம் இருக்காது, நிலத்தில் ஒரு வெடிப்புக் கிடைத்தால் புகுந்துகொள்ளலாமா என்றிருக்கும். பூமி பிளந்து விழுங்காதா என்று நாம் சொல்வதும் அதைத்தானே. தடித்த தோல் வெட்கமின்மைக்கு அடையாளமாவதும் இரண்டு மொழிகளிலும் உண்டு. மலாய்க்காரரும் ‘மூக்கா தெபால்’, அதாவது தடித்த முகம் என்பார். கரியைக் குழைத்து முகத்தில் பூசும் வழக்கு மலாய்க்கும் தமிழுக்கும் பொது.

ஈப்போவில் கேட்பது

பேராக்கின் ஈப்போவில் சீனர் வீட்டிலும் கடையிலும் கேட்பது பெரும்பாலும் கேன்டனீஸ். ஈயம் தோண்ட வந்த கேன்டனீஸ் மக்களும் ஹக்கா மக்களும் வளர்த்த கிந்தா பள்ளத்தாக்கு இது. பள்ளிப் புத்தகத்தில் இருப்பது மாண்டரின். சந்தையில் ஓடுவது கேன்டனீஸ். புந்தோங் போல இந்தியரும் சீனரும் கலந்து வாழும் பகுதிகளில் இந்தச் சொற்கள் தமிழர் காதுக்கும் பழக்கம்.

காப்பிக்கடையில் ஒரு சிறு பெண், தெரிந்த மாமா பேர் கேட்டதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். அம்மா சிரித்துக்கொண்டே ‘பா சாவ்’ என்கிறார். ‘பா’ என்றால் அஞ்சுவது, ‘சாவ்’ என்றால் அசிங்கம். அசிங்கமாகத் தெரிந்துவிடுவோமோ என்ற அச்சந்தான் இங்கே கூச்சம். அதே ‘சாவ்’ தெரியாதவன் என்று பெரியவர் ஒருவரைச் சொன்னால் அது வசை. குடும்பத்து அசிங்கத்தை வெளியே சொல்லாதே என்ற சீனப் பழமொழியிலும் இதே எழுத்துத்தான் வருகிறது. குழந்தையின் கூச்சமும் குடும்ப மானமும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன.

கல்யாண விருந்துக்கு முதலாளி வந்து பத்துப் பேர் மேசையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால், அவர் ‘பேய் மின்’, முகம் கொடுத்தார் என்று பொருள். வராமல் ஆங்பாவ் என்னும் பண உறையை மட்டும் அனுப்பினால் வீட்டுக்காரருக்கு ‘மோ மின்’, முகமில்லை. ‘உங்க முகத்துக்காகத்தான் வந்தேன்’ என்று நாம் சொல்வது இதற்கு வெகு அருகில் இருக்கிறது. மலாயில் ‘பெரி மூக்கா’ என்றாலும் முகம் கொடுப்பதுதான், ஆனால் பொருள் வேறு: அளவுக்கு மீறி இடங்கொடுத்துக் கெடுப்பது. மூன்று மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில், ஒரே உறுப்பை வைத்து மூன்று விதமாகக் கணக்குப் போடுகிறார்கள்.

இரண்டு முகங்கள்

முகம் என்ற இந்தக் கணக்கை முதன்முதலில் மானுடவியல் முறையில் பிரித்துக் காட்டியவர் ஹு சியென் சின். 1944இல் அமெரிக்க மானுடவியல் இதழில் அவர் எழுதிய கட்டுரை, சீனத்தில் முகம் ஒன்றல்ல இரண்டு என்றது. ‘மியன்ட்சு’ என்பது வெற்றியாலும் பணத்தாலும் தொடர்புகளாலும் சேர்வது. வங்கிக் கணக்கைப் போல அதில் போடலாம், எடுக்கலாம், கடன் வாங்கலாம். ‘லியன்’ அப்படியல்ல. இவர் ஒழுக்கமானவர் என்று ஊர் வைத்திருக்கும் நம்பிக்கை அது. ஏழைக்கும் உண்டு, கூட்டிக்கொள்ள வழியில்லை, ஆனால் ஒரே செயலில் முழுதும் போய்விடும். தேர்தலில் தோற்றவருக்கு மியன்ட்சு குறையும். சங்கத்துப் பணத்தைத் தின்றவருக்கு லியன் போகும்.

இந்தக் கட்டுரையின் பயணம் சுவையானது. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955இல் அன்றாடப் பேச்சில் மனிதர் ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றும் விதத்தைப் பற்றி எழுதியபோது, ஹுவை மேற்கோள் காட்டினார். காஃப்மனை அடியொற்றிப் பெனிலோப் பிரவுனும் ஸ்டீஃபன் லெவின்சனும் 1978இல் மரியாதைப் பேச்சுக்கு ஒரு பொதுக் கோட்பாடு கட்டினார்கள். மொழியியல் மாணவர் எவரும் இன்றும் தாண்டிப் போக முடியாத அந்தக் கோட்பாட்டுக்கு மூன்று மொழிகள் சான்று தந்தன: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், தமிழ். தமிழுக்கான களம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு கிராமம். யார் யாரை நீ என்பது, யாரிடம் சுற்றி வளைத்துக் கேட்பது, எதைக் கேட்காமலே விடுவது என்று அங்கே பதிவு செய்தார்கள். சீனரின் முகத்தில் தொடங்கிய சிந்தனை, தமிழ்நாட்டுச் சாதிக் கிராமத்தின் பேச்சில் உரசிப் பார்க்கப்பட்டது.

யாரும் பார்க்காதபோது

1946இல் ரூத் பெனடிக்ட் ஜப்பானைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு ஒரு பாகுபாடு பரவியது. மேற்கு குற்ற உணர்வுப் பண்பாடு, கிழக்கு வெட்கப் பண்பாடு. மேற்கத்தியருக்கு மனச்சாட்சி உள்ளே இருக்கிறது, ஆசியருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணில் இருக்கிறது என்பது அதன் சாரம். முகத்தைப் பற்றி இவ்வளவு பேசும் சீன மொழி இதற்குத் துணைபோவதுபோலத் தோன்றும். சொற்களுக்குள் நுழைந்து பார்த்தால் அப்படியில்லை.

ஓல்வன் பெட்ஃபோர்ட் தைவான் பெண்களிடம் நீண்ட நேர்காணல் நடத்தி, 2004இல் நான்கு வகை வெட்கத்தையும் மூன்று வகைக் குற்ற உணர்வையும் பிரித்துக் காட்டினார். ‘தியூ லியன்’ பிறர் முன் மதிப்பிழப்பது. இதற்குப் பார்ப்பவர் வேண்டும். ‘சான் குயி’ அப்படியல்ல. தன்னால் எட்டியிருக்கக்கூடிய உயரத்தைத் தான் எட்டவில்லையே என்ற வருத்தம். பிறருக்குத் தெரிய வேண்டியதில்லை, பிறர் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே குத்தும். ‘சியூ குயி’யில் தன் குறையொன்றைத் தானே கண்டுபிடித்த அதிர்ச்சி. ‘சியூ ச்சி’ மிகக் கனமானது, மனிதன் என்ற தகுதியே ஆட்டம் காண்பது. குற்ற உணர்வில் ஒன்றான ‘நேய் ஜியூ’, உள்ளே வலிப்பது. அம்மாவைக் கடைசிக் காலத்தில் கவனிக்கவில்லையே என்று மகனுக்கு வரும் வேதனை அது.

யாரும் பார்க்காத இடத்திலும் வெட்கப்பட வேண்டும் என்பது கன்ஃபூசிய மரபின் பழைய பாடம். சட்டமும் தண்டனையும் மட்டும் இருந்தால் மக்கள் தப்பிக்கத்தான் வழி பார்ப்பார்கள், ஒழுக்கத்தால் வழிநடத்தினால் வெட்கம் அறிவார்கள் என்பது கன்ஃபூசியஸின் கருத்து. மென்சியஸ் இன்னும் மேலே போய், வெட்கப்படும் மனத்தை நேர்மையின் முளை என்றார். வள்ளுவர் மானத்துக்கு ஓர் அதிகாரமும் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியாக ஒதுக்கியிருப்பதை நினைத்தால், நமக்கும் இந்த வேறுபாடு பழையதுதான்.

மலேசியாவின் பல சீனப்பள்ளிகளில் சுவரில் நான்கு எழுத்துகள் தெரியும்: லி, யி, லியன், ச்சி. முறைமை, நேர்மை, தூய கை, வெட்கம். இங்கே வரும் லியன் தூய்மையைக் குறிப்பது, முகத்தைக் குறிக்கும் லியனுக்கு எழுத்து வேறு. நாட்டைத் தாங்கும் நான்கு கயிறுகள் என்று பண்டைய குவான்ட்சு நூலில் வருபவை இவை. 1934இல் சியாங் கை ஷெக் தொடங்கிய புதுவாழ்வு இயக்கம் இவற்றைத் தூக்கிப் பிடித்தது. அங்கிருந்து கடல் கடந்து பள்ளிகளுக்கும் வந்தன. பழைய பலகையில் ‘ச்சி’ என்ற எழுத்தைப் பார்த்தால் இடப்பக்கம் காது, வலப்பக்கம் இதயம். இப்போதைய பாடநூலில் காதுக்குப் பக்கத்தில் ‘நில்’ என்ற எழுத்து நிற்கிறது. காது சிவக்கும், மனம் நோகும் என்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வதுண்டு. காது ஒலிக்காகச் சேர்ந்தது என்பதே எழுத்தியல் அறிஞர் கருத்து. எதுவானாலும், இன்று சீனத் தொடக்கப்பள்ளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சீனரல்லாத பிள்ளை. அந்த எழுத்தைப் படித்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பிறர் கண்ணை அளக்கும் கருவி

இப்படியொரு வேதனையை உடம்பு ஏன் வைத்திருக்கிறது? டேனியல் ஸ்னைசரும் கூட்டாளிகளும் சொல்லும் விடை: வெட்கம் ஓர் எச்சரிக்கைக் கருவி. கூட்டத்தில் மதிப்புப் போனால் உதவி போகும், உதவி போனால் பழங்கால மனிதனுக்கு உயிரே போகும். ஆகவே இதைச் செய்தால் எவ்வளவு மதிப்புக் குறையும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சுடும் கருவி தேவைப்பட்டது. இதைச் சோதிக்க ஒரு குழுவிடம் ‘இப்படிச் செய்தவரை எவ்வளவு மட்டமாக நினைப்பீர்கள்’ என்றும், இன்னொரு குழுவிடம் ‘நீங்களே செய்திருந்தால் எவ்வளவு வெட்கப்படுவீர்கள்’ என்றும் கேட்டார்கள். 2016இல் அமெரிக்கா, இந்தியா, இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளிலும், 2018இல் உலகெங்கும் 15 சிறு சமூகங்களிலும் பார்த்தார்கள். ஒரு குழு இகழ்ந்த அளவும் மறுகுழு வெட்கப்பட்ட அளவும் இணைகோடாக ஓடின.

அப்படியானால் பண்பாட்டுக்கு என்ன வேலை? எந்தக் கண்களைக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான். 1998இல் டெபோரா ஸ்டிபெக் செய்த ஒப்பீட்டில், தம்பி காப்பியடித்துப் பிடிபட்டால் என்ன தோன்றும் என்ற கேள்விக்கு அமெரிக்க மாணவரைவிடச் சீன மாணவர் அதிகம் கூசினார்கள். சீன மொழியில் பெற்றோரின் முகத்தைத் தொலைக்கலாம், முன்னோரின் முகத்தையும் தொலைக்கலாம். சுமத்ராவின் பெங்குலுவில் டேனியல் ஃபெஸ்லர் 52 உணர்ச்சிச் சொற்களைப் புழக்க வரிசையில் அடுக்கியபோது, வெட்கத்தைக் குறிக்கும் ‘மாலு’ இரண்டாவது இடம் பிடித்தது. கலிஃபோர்னியாவில் வெட்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு 49ஆவது இடம்.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் இந்தக் கண்கள் எப்போதும் பக்கத்திலேயே இருந்தன. லயத்து வீட்டில் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அது எல்லார் வாயிலும் இருக்கும். சீனருக்கும் அப்படியொரு நெருக்கம் வந்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் அருகே தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950 முதல் காட்டோரச் சீனக் குடும்பங்கள் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டன. நாட்டிலேயே அதிகப் புதுக்கிராமங்கள் பேராக்கில். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி எழுந்தது. லயத்துத் தமிழரும் புதுக்கிராமத்துச் சீனரும் இன்று அதே தாமானில் அடுத்தடுத்த கேட்டுக்குள் இருக்கிறார்கள்.

அந்தக் கேட்டில்தான் ஆலோங் என்னும் வட்டி முதலைகள் சிவப்புச் சாயத்தைக் கொட்டுகிறார்கள். சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள், கடன்காரர் படம் போட்ட தாளைத் தெருக் கம்பத்தில் ஒட்டுகிறார்கள். சாயத்தால் கடன் ஒரு வெள்ளி குறையாது. அது கடன்காரருக்காகக் கொட்டப்படுவதும் அல்ல, எதிர்வீட்டுக்காரர் பார்ப்பதற்காகக் கொட்டப்படுவது. ஸ்னைசரின் கோட்பாட்டைப் படிக்காமலே அதைத் தொழிலாக்கியவர்கள் இவர்கள். சீனர் தமிழர் என்று பாராமல் அது வேலை செய்கிறது.

இறங்குவதற்குப் படி

வெட்கம் ஆளைத் திருத்துமா, உடைக்குமா? குற்றவியலாளர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989இல் இதற்கு ஒரு பயனுள்ள பதில் தந்தார். வெட்கப்படுத்துவதில் இரண்டு வகை உண்டு. செயலைக் கண்டித்து ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது ஒன்று, ஆளுக்கே முத்திரை குத்தி ஒதுக்குவது இன்னொன்று. முதலாவது திருத்தும். இரண்டாவது, அவரைப்போல் ஒதுக்கப்பட்டவர்களிடமே அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தைப்பேயில் சீனக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஹைடி ஃபங், சிறு குழந்தைகளை வீட்டில் வெட்கப்படுத்துவது பெரும்பாலும் விளையாட்டுத் தொனியில் நடக்கிறது என்று 1999இல் எழுதினார். ஆட்காட்டி விரலால் தன் கன்னத்தைச் சுரண்டிக் காட்டி ‘சியூ சியூ லியன்’ என்பார்கள். குழந்தை முகத்தைப் பொத்திக்கொள்ளும், அடுத்த கணம் மடியில் ஏறும். வெட்கமும் சேர்ப்பும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன.

வளர்ந்தவர்களுக்கு மடி கிடையாது. அவர்களுக்காகச் சீனம் இரண்டு தொடர்களை வைத்திருக்கிறது. வெட்கம் சினமாக மாறுவதற்கு ‘நாவ் சியூ செங் நூ’ என்று பெயர். வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர் குற்றம் சொன்னவர் மேலேயே பாய்வது அது. அதைத் தவிர்க்கும் உத்திக்குப் பெயர், இறங்குவதற்குப் படி கொடுப்பது. மேடையில் எல்லார் கண்ணும் பட நிற்பவர் கௌரவமாகக் கீழே வர ஒரு படியை நகர்த்தி வைப்பது. கேன்டனீஸில் ‘லோக் தோய்’, மேடையிறங்குதல். கூட்டத்தில் தப்பான கணக்கைப் படித்த செயலாளரிடம் ‘அச்சில் விட்டுப்போயிருக்கும், நாளைக்குப் பார்ப்போம்’ என்று தலைவர் சொல்வது அந்தப் படி. தப்பு மறைக்கப்படவில்லை. நாளைக்குத் திருத்தியாக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

பரீட்சை மதிப்பெண்ணை வகுப்பு முழுக்கக் கேட்க வாசிக்கும் ஆசிரியருக்கும், பிடிபட்டவர் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் தாமான் குழுவுக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஊரின் கண்ணை ஒருவர் மேல் திருப்புவது எளிது, இன்று அதற்குச் சாயங்கூட வேண்டாம், கைப்பேசி போதும். திருப்புகிறவரே படியையும் வைக்க வேண்டும். படி இல்லாத மேடையில் நிற்பவர் திருந்துவதில்லை, ஒளிவார் அல்லது பாய்வார்.